திலாவா கப்பலின் பேரேடும் மாண்டோரின் பெயர்களும்: மூதாதையரைத் தேடும் முயற்சியில் எழும் சில வரலாற்றெழுதியற் பிரச்சினைகள்

1

1942ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 20ஆந் திகதி ‘திலாவா’ என்னும் பயணிகள் கப்பல் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து மொம்பாசா, அக்காலத்தில் லொரென்சோ மார்க்கஸ் எனப்பட்ட மபுட்டோ, டேர்பன் ஆகிய துறைகளை நோக்கிப் புறப்பட்டது. அதில் பயணிகள் 732 பேரும், கப்பற் பணியாளர் 222 பேரும், பீரங்கி வீரர் நால்வருமாக 958 பேர் இருந்தனர். நவம்பர் 23ஆந் திகதி அதிகாலையில், சீசெல்சுத் தீவுகளுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 930 மைல் தொலைவில், தனித்துச் சென்றுகொண்டிருந்த அக்கப்பலை ‘ஐ-29’ என்னும் யப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. முதலாவது ஏவுகணையால் இறந்தோர் சிலரே. அதனைத் தொடர்ந்த கலவரத்தில் படகுகளில் ஏறும்போதே பலர் மாண்டனர். கப்பல் உடனே அமிழவில்லை. மீண்டும் அதனை இயக்கலாமென்ற நம்பிக்கை நிலவிய வேளையில் இரண்டாவது ஏவுகணை வந்தது. கப்பல் கடலுள் மறைந்தது. இரு நாள்களின் பின் பிரித்தானியப் போர்க்கப்பலான ‘பேர்மிங்காம்’ தப்பியோருட் பெரும்பாலோரை மீட்டது. ‘கார்தேஜ்’ என்னும் கப்பல் வேறு சிலரை மீட்டது. மீண்டோர் 678 பேர். மாண்டோர் 280 பேர்; அவர்களுள் 252 பேர் பயணிகள், 28 பேர் பணியாளர்.

இரண்டாம் உலகப்போர் பற்றிய நூல்களில் இந்நிகழ்ச்சிக்குக் கிடைக்கும் இடம், பெரும்பாலும், அட்டவணையில் ஒரு வரியே. ஆயின் குஜராத்திலும் கிழக்காபிரிக்காவிலும் தென்னாபிரிக்காவிலும் பின்னர் பிரித்தானியாவிலும் வாழத் தலைப்பட்ட குடும்பங்கள் சிலவற்றில், அவ்வரி ஒரு தந்தையை அல்லது பாட்டனைக் குறிக்கின்றது. அக்குடும்பங்களின் பேரர் அண்மைக் காலத்தில் தம் மூதாதையரின் பெயர்களைத் தேடித் திரட்டத் தலைப்பட்டுள்ளனர். நிகழ்ச்சியின் 80ஆவது ஆண்டாகிய 2022இல் மும்பாயில் அவர்கள் ஒன்றுகூடி நினைவு கூர்ந்தனர்.

மூதாதையரைத் தேடுதல் பொதுவாகக் குடும்பப்பற்றின் பாற்பட்ட தனிமுயற்சியாகவே கருதப்படுகின்றது. குலப்பெருமை பேசும் வம்சாவளி வரலாறுகளை நன்கு அறிந்த நாம் இத்தகைய முயற்சிகளை ஐயத்தோடு நோக்குவது இயல்பே. ஆயின் கடலில் மாண்ட ஓர் ஏழைப் பயணியின் பெயரைத் தேடுபவன் தன் குலத்தின் பெருமையைத் தேடவில்லை. எவர் பெயர் எழுதப்படுகின்றது, எந்த ஏட்டில் எழுதப்படுகின்றது, யாருடைய தேவைக்காக எழுதப்படுகின்றது என்னும் வினாக்களையே அவன் அறிந்தோ அறியாமலோ எழுப்புகின்றான். இவை சமூக வரலாற்றின் அடிப்படை வினாக்கள். திலாவாவை ஓர் எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்வினாக்களைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

திலாவா 1924இல் கட்டப்பட்டது. 10,006 தொன் கொண்டது. பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பற் கம்பனிக்கு உரியது. இக்கம்பனியைத் தமிழ் வாசகருக்கு அறிமுகஞ் செய்யவேண்டிய அவசியமில்லை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே அது செலுத்திய ஏகபோகத்தை எதிர்த்தே வ. உ. சிதம்பரம்பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பற் கம்பனியை நிறுவினார். கட்டணக் குறைப்பும் அரச அடக்குமுறையும் சேர்ந்து அம்முயற்சியை முறியடித்தமை நாம் அறிந்ததே. நாகப்பட்டினத்திலிருந்து மலாயாவுக்குத் தமிழ்த் தொழிலாளரை ஏற்றிச் சென்றனவும் பெரும்பாலும் இக்கம்பனியின் கப்பல்களே. இந்து சமுத்திரக் கரைகள் எங்கும் மலிவான உழைப்பையும் சிறு வணிகத்தையும் கொண்டுசென்று பரப்பிய ஏகாதிபத்திய இயந்திரத்தின் ஓர் உறுப்பாக அது விளங்கியது.

அவ்வியந்திரத்தின் இலாபம் முதலாம் வகுப்பு அறைகளிலிருந்து மாத்திரம் வந்ததன்று. அறையும் படுக்கையும் அற்றுத் திறந்த தளத்திலோ அதற்கடுத்த கீழ்த்தளத்திலோ தாமே கொண்டுவந்த பாயை விரித்து, தம் மூட்டை முடிச்சுகளோடு பயணஞ் செய்த ‘டெக்’ பயணிகளே இக்கடல்வழிகளின் பெருந்தொகையினர். திலாவாவின் பயணிகளுட் பெரும்பாலோர் இந்தியர். குறிப்பாகக் குஜராத்தி மொழி பேசியோர் பலர். சிறுகடைக்காரர், கடைச்சிப்பந்திகள், கைவினைஞர், கணவரிடஞ் சென்ற மனைவியர், சிறுவர் ஆகியோரே பொதுவாக இவ்வழியிற் சென்றவர்கள்.

ஏன் போர்க்காலத்திற் பயணஞ் செய்தனர் என்ற வினா எழலாம். 1942 ஏப்ரல் 5ஆந் திகதி கொழும்பும் 9ஆந் திகதி திருகோணமலையும் யப்பானிய விமானங்களாற் தாக்கப்பட்டபின், பிரித்தானியரின் கீழைக் கடற்படையின் முதன்மைப் பகுதி மொம்பாசாவுக்கு அண்மையிலுள்ள கிலிண்டினித் துறைமுகத்துக்குப் பின்வாங்கியது. பினாங்கைத் தளமாகக் கொண்ட யப்பானிய நீர்மூழ்கிகள் அரபிக்கடல்வரை நடமாடின. கடல் பாதுகாப்பற்றது என்பது இரகசியமன்று. எனினும் கிழக்காபிரிக்காவிற் கடையும் சௌராட்டிரத்திற் குடும்பமுமாகப் பிளவுண்ட வாழ்க்கை, போரின் வசதிக்காகக் காத்திருக்கவில்லை. பிழைப்பின் நிர்ப்பந்தம் ஆபத்தைவிட வலியதாக இருந்தது.

3

இத்தகையோரின் பெயர்களை இன்று தேடுவோன் எங்கே செல்வான்? சுவடிக்கூடங்களுக்கே செல்வான். ஆயின் சுவடிக்கூடம் நடுநிலையான நினைவுக்களஞ்சியமன்று. அதில் உள்ள ஒவ்வோர் ஏடும் ஒரு குறிப்பிட்ட தேவையினின்றும் பிறந்தது. இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு பயன்தரும்.

திலாவா சென்றடைய வேண்டியிருந்த டேர்பன் நகருக்கு, அதற்கு 82 ஆண்டுகளின் முன், 1860 நவம்பர் 16ஆந் திகதி ‘திரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து முதலாவது ஒப்பந்தத் தொழிலாளரைக் கொணர்ந்தது. 1911வரை 152,184 பேர் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் பிற தொழில்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தின் தமிழரும் தெலுங்கருமாவர். அவர்களைப் பற்றிய பதிவேடுகளில் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம் ஆகியன உண்டு. எந்த முதலாளியிடம் ஒப்படைக்கப்பட்டார் என்பதும் உண்டு. இன்று டேர்பனில் வாழும் தமிழர் ஒருவர் தன் பூட்டன் எந்த ஊரினின்றும் புறப்பட்டான் என்பதை இவ்வேடுகளின் துணையாற் கண்டறிதல் சாத்தியமே. ஆயின் அப்பூட்டன்மீது கொண்ட மதிப்பினால் அவன் ஊர்ப்பெயர் எழுதப்படவில்லை. அவன் ஐந்தாண்டுக் காலத்துக்கு முதலாளியின் முதலீடாக இருந்தான். தப்பி ஓடினால் அடையாளங் காணப்படவேண்டியவனாக இருந்தான். சுரண்டலின் பேரேடே பிற்காலத்தில் வம்சாவளியாயிற்று என்பது வரலாற்றின் கசப்பான முரண்களுள் ஒன்று.

திலாவாவின் பயணி அத்தகைய முதலீடல்லன். அவன் தன் சொந்தப் பணத்தாற் சீட்டு வாங்கினான். கப்பற் கம்பனிக்கு அவன் ஒரு கட்டணம். கட்டணம் செலுத்தப்பட்டதும் கணக்குத் தீர்ந்தது. எனவே அவனைப் பற்றிய முழுமையான விவரங்களை எழுதவேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை. அவன் பெயர் பட்டியலில் இடம்பெற்றபோதும் ஆங்கிலம் கற்ற எழுதுவினைஞனின் செவிக்கு எட்டியவாறே எழுதப்பட்டது. தன் பெயர், தந்தை பெயர், குலப்பெயர் என மூன்று கூறுகளைக் கொண்ட ஒரு பெயர், ஓரிடத்தில் முதலிரு கூறுகளாலும் இன்னோரிடத்திற் கடைக்கூற்றாலும் பதியப்படுதல் இத்தகைய ஏடுகளிற் சாதாரணம். பெண்கள் கணவரின் பெயராலும் சிறுவர் தொகையாலும் குறிக்கப்படுதலும் அவ்வாறே. ஒரே மனிதனை மூன்று ஏடுகளில் மூன்று மனிதராகக் காணும் தேடுவோன், எழுத்துக்கூட்டலை நம்பாது ஊரையும் உறவையும் துணைக்கொண்டே முடிவுக்கு வரவேண்டியவனாகின்றான்.

இரண்டாவது வகை ஏடு விலக்கலின் ஏடு. நேட்டால் 1897இலும், தென்னாபிரிக்க ஒன்றியம் 1913இலும் இந்தியரின் வருகையைத் தடுக்கும் குடிவரவுச் சட்டங்களை இயற்றின. அங்கு முன்னரே குடியேறிய இந்தியர் தாயகஞ் சென்று திரும்பவேண்டின், தாம் அந்நாட்டு வதிவோர் என்பதற்கான சான்றிதழைப் பெறவேண்டியிருந்தது. அச்சான்றிதழில் கைவிரல் அடையாளம் பதியப்பட்டது. மனைவியையும் மக்களையும் அழைப்பதற்கு உறவுமுறையை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. நிறவெறி அரசு இந்தியரை உள்ளே விடாதிருப்பதற்குத் திரட்டிய இக்கோவைகளே இன்று பலருடைய பாட்டனின் முகத்தையும் கைரேகையையும் பேணிவைத்துள்ளன. டேர்பனுக்குச் செல்லவிருந்த பயணியைத் தேடுவோர் பீற்றர்மரிட்சுபேர்க்கிலுள்ள சுவடிக்கூடத்தை நாடவேண்டியிருப்பதன் காரணம் இதுவே.

மூன்றாவது வகை போரின் ஏடு. இலண்டனின் கியூவிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் நாட்குறிப்புகளும், மூழ்கிய வணிகக் கப்பல்களிலிருந்து தப்பியோரின் வாக்குமூலங்களும் உள்ளன. இத்தகைய வாக்குமூலங்களைப் பொதுவாக அளித்தோர் கப்பற்தலைவரும் அதிகாரிகளுமே. எந்த நேரத்தில் எந்தப் பக்கத்தில் ஏவுகணை தாக்கியது, எத்தனை படகுகள் இறக்கப்பட்டன என்பனவே கடற்படைக்கு வேண்டியிருந்தன. தளத்தில் இருந்தவள் யாருடைய பெயரைக் கூவியழைத்தாள் என்பது வேண்டியிருக்கவில்லை. மாண்ட இந்தியக் கப்பற்பணியாளரை நினைவுகூர மும்பாயிலும் சிட்டகொங்கிலும் போர் நினைவிடங்கள் உள்ளன. ஆயிரக்கணக்கான இந்திய மாலுமிகளின் பெயர்கள் அங்கே கல்லிலன்றி ஏட்டிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. தொழிலாளர் என்ற வகையில் அவர்களுக்குக் கிடைத்த இடம் அவ்வளவே. எனினும் அவ்வளவாவது கிடைத்தது. பயணியோ போர்வீரனுமல்லன், மாலுமியுமல்லன். போரின் ஏட்டில் அவன் தொகை மாத்திரமே.

இலாபம், விலக்கல், போர் ஆகிய மூன்றனுள் ஒன்றனோடு தொடர்புற்ற அளவுக்கே ஒரு சாதாரண மனிதன் அரச ஏட்டிற் பெயர் பெறுகின்றான் என்பது இவற்றிலிருந்து பெறப்படும். அவனுடைய சாவு தன்னளவில் ஓர் ஏட்டைத் தோற்றுவிப்பதில்லை.

4

சாவு ஏட்டில் இல்லாமற் போவதன் விளைவு உணர்ச்சி சார்ந்தது மாத்திரமன்று, பொருளியல் சார்ந்ததுமாகும். உடல் கிடைக்காத, சாவை மெய்ப்பிக்க வேறு சான்றும் கிடைக்காத ஒருவரைப் பற்றி, 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, ஏழு ஆண்டுகள் அவரைப் பற்றிய செய்தியே கிட்டாவிடில் அவர் உயிரோடுள்ளார் என்போரே அதனை நிறுவவேண்டும் எனக் கூறியது. ஏழு ஆண்டுகள் என்பது சட்ட மொழியில் ஒரு காலவரையறை. சொத்துப் பங்கீடும் கடனறுத்தலும் விதவையின் நிலையும் நிச்சயமற்றுத் தொங்கும் ஒரு வீட்டிலோ அது வேறு பொருள் தருவது. மங்கலநாணைக் களைவதா, விடுவதா என்னும் வினாவை எந்தச் சட்டநூலும் தீர்த்துவைப்பதில்லை.

அரச ஏடு மௌனித்த இடத்தில் மக்களின் ஏடுகள் பேசக்கூடும். குஜராத்தி வணிகர் தீபாவளியன்று பூசை செய்து தொடங்கும் சிவப்புத் துணி கட்டிய கணக்கேடுகளை இவ்விடத்திற் குறிப்பிடுதல் தகும். 1942இல் தீபாவளி நவம்பர் முற்பகுதியில் வந்தது. புதுக்கணக்குத் தொடங்கி ஏறத்தாழ இரண்டு வாரத்திற் கப்பல் புறப்பட்டது. கப்பற் கட்டணத்துக்காக மருமகன் பெயரிலோ தம்பி பெயரிலோ எழுதப்பட்ட ஒரு பற்று, அதன்பின் வரவே எழுதப்படாத வெற்றுப்பக்கம் ஆகியன, பேணப்பட்டிருப்பின், எந்தக் கடற்படை அறிக்கையினும் துல்லியமான சான்றாகக்கூடும். கணக்கேடும் இலாபத்தின் ஏடுதான். எனினும் அதில் உள்ள பெயர் எழுதியவனின் உறவினன் பெயர். எழுத்துப்பிழை அங்கே நேர்வதில்லை.

இவற்றுக்கும் அப்பால் வாய்மொழி மரபு உள்ளது. தமிழ் இலக்கிய மாணவர் இதனை நன்கு உணர்வர். ஒப்பாரி வெறும் புலம்பலன்று. இறந்தவனின் ஊர், தொழில், தேடிய பொருள், விட்டுச்சென்ற கடன், தாய்மாமன் செய்த துரோகம் ஈறாக அனைத்தையும் வரிசைப்படுத்தும் ஒரு சமூக ஆவணமாகவும் அது அமைகின்றது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட பெண்கள் தம் வசம் வைத்திருந்த பதிவேடு அது. கடலில் மறைந்தவர்களின் குடும்பங்களில் எஞ்சியுள்ள நினைவுகளையும் நாம் இந்நோக்கிலேயே அணுகுதல் வேண்டும். நினைவு திகதிகளை மாற்றும், எண்களைப் பெருக்கும் என்பது உண்மை. ஆயின் அரச ஏடு பெயர்களை மாற்றியது, மனிதரைச் சுருக்கியது என்பதும் உண்மையே. ஒன்றன் குறையை மற்றையதால் திருத்துவதே ஆய்வாளன் கடன்.

5

திலாவாவிற் பயணிகள் மாத்திரம் இருக்கவில்லை. தென்னாபிரிக்க ஒன்றிய அரசாங்கம், பெரும்பாலும் நாணயம் அச்சிடும் பொருட்டு, வாங்கியிருந்த வெள்ளிக் கட்டிகளும் இருந்தன. 2017இல் ஒரு தனியார் கம்பனி ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீற்றர் ஆழத்திலிருந்து 2,364 கட்டிகளை மீட்டு இங்கிலாந்தின் சௌதாம்ரன் துறைமுகத்துக்குக் கொண்டுசென்றது. அவை யாருக்குரியவை என்ற தகராறு நீதிமன்றஞ் சென்றது. மீட்பூதியங் கோரும் வழக்கிலிருந்து தென்னாபிரிக்க அரசுக்கு விலக்குண்டா, கடலடியிற் கிடந்த வெள்ளி வர்த்தக நோக்குக்குரியதா என்னும் நுண்ணிய வினாக்கள் இரண்டு நீதிமன்றங்களைக் கடந்து ஐக்கிய இராச்சியத்தின் அதியுயர் நீதிமன்றத்தை அடைந்தன. 2024 மே மாதத்தில் அந்நீதிமன்றம் தென்னாபிரிக்காவுக்கு விலக்குண்டு எனத் தீர்த்தது; அதற்கு முன்னரே இருதரப்பும் தமக்குள் இணக்கங் கண்டிருந்தன.

நீதிபதிகளைக் குறைகூறுதல் இங்கு நோக்கமன்று. அவர்கள்முன் வைக்கப்பட்ட வினாவுக்கே அவர்கள் விடை கூறினர். வினாவே நம் கவனத்துக்குரியது. 75 ஆண்டுகளின் பின்னரும் வெள்ளிக்கு உரிமையாளன் உண்டு, விலையுண்டு, அதனைக் கடலடியிலிருந்து மேலே கொணர்வதற்கு வேண்டிய தொழில்நுட்பமும் மூலதனமும் உண்டு. அதே கப்பலில் அமிழ்ந்த 280 மனிதருக்காக வாதாட ஒரு வழக்குமில்லை. பண்டத்துக்கு மனிதரின் உறவுகள் ஏறுகின்றன, மனிதருக்குப் பண்டத்தின் நிலைகூடக் கிட்டுவதில்லை என்னும் உண்மையை இதனினும் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

6

இறுதியாக, நம் பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். திலாவாவை மூழ்கடித்த அதே ‘ஐ-29’ நீர்மூழ்கியே, ஐந்து மாதங்களின் பின், 1943 ஏப்ரல் இறுதியில் மடகாஸ்கருக்கு அண்மையில் ஒரு ஜேர்மானிய நீர்மூழ்கியிலிருந்து சுபாஸ் சந்திரபோசை ஏற்றிக்கொண்டு கீழைத்தேயம் சேர்த்தது. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் பெண்மக்களும் இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்தமை அதன் பின்விளைவுகளுள் ஒன்று. அவர்களுடைய தியாகம் போற்றத்தக்கது. பிரித்தானிய ஏகாதிபத்தியத்தின்மீது அவர்கள் கொண்ட வெறுப்பு நியாயமானது. ஆயின் போசின் கடற்பயணத்தை வீரகாதையாகப் பாடும் தேசியவாத வரலாறு, அக்கலம் முன்னர் யாரைக் கொன்றது என்பதைக் கூறுவதில்லை. பிரித்தானியப் போர் வரலாறோ இந்தியப் பயணிகளைத் தன் இழப்பாகக் கருதவில்லை. இரு ஏகாதிபத்தியங்களின் மோதலில் மாண்ட இவர்களுக்கு இரு தரப்பின் காவியத்திலும் இடமில்லை. ‘ஐ-29’உம் 1944 யூலை மாதத்தில் அமெரிக்க நீர்மூழ்கியொன்றினால் மூழ்கடிக்கப்பட்டது, அதிலிருந்த மாலுமிகளின் வீடுகளிலும் யாரோ காத்திருந்திருப்பர்.

இடதுசாரி வரலாற்றெழுதியலும் இவ்விடயத்திற் குற்றமற்றதன்று. ஆலைத் தொழிலாளரையும் துறைமுகத் தொழிலாளரையும் மாலுமிகளின் சங்கங்களையும் நாம் எழுதினோம், அது சரியே. ஆயின் கிழக்காபிரிக்க இந்தியரை ‘வணிகர்’ என்னும் ஒரே சொல்லில் அடக்கி அப்பாற் சென்றோம். பெரு வணிகனின் கடையில் உண்டு உறங்கிப் பல ஆண்டுகள் உழைத்த சிப்பந்தியும், கைத்தொழிலே முதலாகக் கொண்ட தையற்காரனும், திருமணமாகிக் கணவனின் முகத்தைச் சரியாக அறியாமற் கப்பலேறிய பெண்ணும் அச்சொல்லுக்குள் மறைந்தனர். வர்க்கம் என்பது பெயர்களை விழுங்கும் சொல்லன்று. பெயர்களுக்கிடையேயுள்ள உறவை விளக்கும் சொல். இதனை நாம் மறந்தபோது அரச அட்டவணை செய்த வேலையையே நாமும் செய்தவர்களானோம்.

ஆகவே திலாவாவில் மாண்டோரின் பேரர் இன்று செய்யும் பணியைத் தனிப்பட்ட துயரின் வெளிப்பாடு என ஒதுக்குதல் பொருந்தாது. ஒவ்வொரு வீட்டிலும் எஞ்சிய கடிதம், கணக்கேடு, நிழற்படம், முதியோரின் வாய்மொழி ஆகியவற்றைச் சேர்த்து, அவற்றை அரச ஏடுகளோடு ஒப்புநோக்கி, பெயரையும் ஊரையும் தொழிலையும் உறவையும் நிறுவும் பட்டியலொன்று கீழிருந்து எழுதப்படவேண்டும். மீட்கப்பட்ட கட்டிகள் 2,364 என்பது ஒன்றுவிடாமல் எண்ணிப் பெறப்பட்ட தொகை. மாண்டோர் 280 என்பதும் தொகைதான். அதனைப் பெயர்களாக மாற்றும் வேலை இன்னும் எஞ்சியுள்ளது. அவ்வேலையைக் குடும்பங்கள் தொடங்கிவிட்டன. பல்கலைக்கழகங்களும் அதில் இணைதல் வேண்டும். கப்பலில் இருந்ததைத் தாமே கண்டவர்களும் அவர்களிடம் நேரிற் கேட்டவர்களும் அருகி வருகின்றனர். ஏடுகள் காத்திருக்கும், முதியோர் காத்திருக்கமாட்டார்.